மேனி கெட ஏழு வழி

தோல் தானாகக் கெடாது. அதற்கு உழைப்பு வேண்டும், செலவு வேண்டும், விடாமுயற்சியும் வேண்டும். நாஞ்சில் நாட்டில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் முறை தெரியாமல் அரைகுறையாகக் கெடுத்துக்கொள்கிறவர்களே அதிகம். அவர்களுக்காகவே இந்தக் கையேடு.

இடிக்கப்போகிற மதிலை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தோலின் ஆக மேலே இருப்பது செத்த செல்களின் அடுக்கு. பதினைந்து, இருபது வரிசை இருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலை விட்டுவிட்டால் மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். பீட்டர் இலையாஸ் போன்ற ஆய்வாளர்கள் இதைச் செங்கல் சுவராகப் பார்க்கச் சொன்னார்கள். செத்த செல்கள் செங்கல்; இடையில் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் மூன்றும் குழைந்த சாந்து. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் திட்டித் தீர்க்கும் அதே கொலஸ்டிரால் இங்கே நல்ல பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்பார்கள். இன்றைக்கும் முகம் தெரிகிறது. எல்லாம் கலவையின் கைராசி. சாந்து போனால் சுவர் போச்சு. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே திரிகிற சனியனெல்லாம் உள்ளே வரும். ஆகவே நம் குறி சாந்துதான்.

பாடம் 1: தேய்

காலையும் மாலையும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளியுங்கள். ஒவ்வொரு குளியிலும் சோப்பு மூன்று தரம். பிறகு இஞ்சை நாரோ பீர்க்கங்கூடோ எடுத்து, உருளியில் அடிப்பிடித்த பாயசத்தைச் சுரண்டுவதுபோலச் சுரண்டுங்கள். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான புளிப்பு. அமில-காரக் கணக்கில் (pH) 5-ஐ ஒட்டி நிற்கும். சாதாரணக் கட்டிச் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். சாந்து குழைக்கும் நொதிகளுக்குப் புளிப்பில்தான் வேலை ஓடும். காரம் ஏறினால் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார். கையை உரசினால் ‘கிறுக்’கென்று சத்தம் வருகிறதா? அதுதான் சுத்தத்தின் சத்தம் என்று நம்புங்கள்.

எச்சரிக்கை: மிதமான நீரில் சுருக்கமாகக் குளித்து, துவட்டின ஈரம் காயுமுன் மணமில்லாத களிம்பு ஏதாவது தடவிவிட்டால் மதில் பிழைத்துக்கொள்ளும்.

பாடம் 2: எண்ணெயில் கட்சி சேர்

தேங்காயெண்ணெய் எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒரு கட்சி, எதற்கும் ஆகாது என்று ஒரு கட்சி. ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். முதல் கட்சிக்குச் சாட்சி உண்டு. பிலிப்பைன்ஸில் கரப்பான் (எக்சிமா) வந்த 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் சோதித்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மினரல் ஆயிலைவிட வெர்ஜின் தேங்காயெண்ணெய் நன்றாகவே கேட்டது. இவ்வளவோடு படிப்பை நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கொண்டு படித்தால் மலசீசியா என்ற ஈஸ்ட் குறுக்கே வரும். தேமலும் பொடுகும் அதன் கைவரிசை. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாத பிறவி அது. நம் எண்ணெயில்தான் அதற்குச் சாப்பாடு. ஆகவே வறண்டு வெடித்த காலைக் கவனிக்காமல், வேர்த்து வழியும் முதுகில் தேமல் உள்ள இடமாகப் பார்த்து எண்ணெய் வையுங்கள்.

வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஆலிவ் எண்ணெய் இருந்தால் இன்னும் நல்லது. அது மேல்தோலின் உறுதியைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்று 2013-இல் பிரிட்டனின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். விலையைப் பாருங்கள், ஆய்வைப் பார்க்காதீர்கள்.

பாடம் 3: மருந்துக் கடையில் வைத்தியம் பார்

இது நானே தேறிய பாடம். இரண்டு மழையும் பெய்கிற ஊரில், ஈரம் உலராத ஜீன்ஸ் போட்டு அலைந்ததில் தொடையிடுக்கில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது.

“அண்ணாச்சி, படை மாதிரி வந்திருக்கு. ஒரே அரிப்பு.”

“எங்கெ?”

சொன்னேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. ஒரு டியூப்பை எடுத்து வைத்தார். “ரெண்டு நேரம் போடும். மூணு நாள்ல கேட்டுரும்.”

கேட்டது! மூன்றாம் நாள் சிவப்பும் இல்லை, அரிப்பும் இல்லை. டியூப்பின் முதுகில் பொடி எழுத்தில் நாலு மருந்தின் பேர் இருந்தது. காளானுக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு இரண்டு, கூடவே குளோபெட்டசோல் என்ற வீரியமான ஸ்டீராய்டு. வித்தை காட்டியது அந்த நாலாவது ஆள். அவன் திருடனைப் பிடிக்கவில்லை, குரைத்த நாயைக் கட்டிப்போட்டுவிட்டான். திருடன் சாவகாசமாக வீடு முழுக்க நடந்தான். ஒரு வட்டம் ஆறாயிற்று, தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது.

இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018-இல் மத்திய அரசு எச் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் டில்லியில் இருக்கிறது, டியூப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. இதற்குள் காளானும் தேறிவிட்டது. டெர்பினஃபின் என்ற முக்கிய மருந்துக்கு மசியாத புது இனத்துக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று இந்தியாவின் பேரையே வைத்தார்கள். 2023-இல் அது நியூயார்க்கிலும் தென்பட்டதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. விசா கேட்காமல் போன ஒரே இந்தியன். உங்கள் பங்குக்கு, வீட்டில் எல்லோரும் ஒரே துவர்த்தால் துவட்டுங்கள்.

பாடம் 4: வெளு

எலுமிச்சையைப் பிழிந்து முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போங்கள். சாறும் வெயிலும் சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கறுப்புத் தடம் போட்டுத் தரும். இன்னும் தீவிரமானவர்களுக்கு, தயாரிப்பாளர் முகவரி இல்லாத சிவப்பழகு கிரீம் இருக்கிறது. 2023-இல் கேரளத்து மலப்புரத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களின் சிறுநீரகம் கெட்டதை மருத்துவர்கள் கண்டார்கள். காரணம் பாதரசம். முகம் வெளுக்கப் போய், டயாலிசிஸ் வார்டுக்கு வழி விசாரிக்கலாம்.

பாடம் 5: சொறி

கரப்பான் அரிப்புக்குக் காரணம் அழற்சி மட்டும்தான் என்று முன்பு நினைத்திருந்தார்கள். தோலில் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, தன் நொதியால் நரம்பை நேராகவே கிள்ளி அரிப்பை மூட்டுகிறது என்று 2023-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள். அதாவது கிருமி கூப்பிடுகிறது. மரியாதைக்குப் போய்ச் சொறியுங்கள். சொறிந்தால் மதில் கிழியும், கிழிந்தால் கிருமி பெருகும், பெருகினால் மறுபடியும் கூப்பிடும். நகம் வெட்டிவிட்டால் இந்த நட்பு முறிந்துவிடும்.

பாடம் 6: பிள்ளையின் தட்டைப் பிடுங்கு

பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் வந்தால் முதலில் சாளையை நிறுத்துங்கள். அடுத்த வாரம் முட்டை, அதற்கடுத்து கத்தரிக்காய், கருவாடு. அம்மையும் ஆச்சியும் மைனியும் ஆளுக்கொரு ‘கரப்பான் பண்டம்’ சொன்னால் மாதக் கடைசியில் பிள்ளைக்கு ரசஞ்சோறு மிஞ்சும். சோதித்துப் பார்த்து உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வேறு. நீங்கள் சோதிக்க வேண்டாம்.

2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் வேறு கதை சொன்னார்கள். ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதானால் செங்கல்லே சரியாக வேகாது. தோல் வறளும், கரப்பானுக்குக் கதவு திறக்கும். ஓட்டை மதில் வழியே நுழையும் உணவுத் துணுக்குகூட உடம்புக்கு எதிரியாகத் தெரியுமென்று ஒவ்வாமை ஆய்வாளர் கிடியான் லாக் 2008-இல் வாதிட்டார். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பால் முகம் கழுவிய 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமைப் பண்டமே ஒவ்வாமல் போனது. வாய் செய்யாத வினையைத் தோல் செய்துவிட்டது.

சரி, பிறந்த நாள் முதல் கிரீமைப் பூசினால் கரப்பானே வராதல்லவா? அதையும் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 1394 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓராண்டு தினமும் பூசினார்கள். இரண்டு வயதில் பூசியவர்களில் 23 சதவீதத்துக்கும், பூசாதவர்களில் 25 சதவீதத்துக்கும் கரப்பான் இருந்தது. வித்தியாசமே இல்லையென்று 2020-இல் கைவிரித்தார்கள். வந்த கரப்பானுக்குக் கிரீம் துணை, வராமலிருக்கக் காப்பு அல்ல. இதை விளம்பரக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

பாடம் 7: அண்டியாபீசுக்குப் போ

முந்தைய ஆறும் காசுள்ளவர்களுக்கு. இது முந்திரி ஆலையில் கூலி வாங்கிக்கொண்டே படிக்கிற பாடம். கொல்லாங்கொட்டைத் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. மாங்காய்ச் சொணை உதட்டைப் பொசுக்குகிறதே, சேராங்கொட்டை கொப்புளிக்க வைக்கிறதே, அதே குடும்பம். அண்டி தல்லுகிற, அதாவது கொட்டை உடைக்கிற, பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். கையுறை போட்டால் விரல் ஓடாது. கூலியோ கிலோக் கணக்கு.

எங்கள் தெருப் பெரியம்மை முப்பது வருஷம் தல்லியவள். ரேஷன் கடையில் அவளுக்கு முன்னால் நான் நின்றிருந்தேன். கட்டைவிரலை வைத்தாள், எந்திரம் சிவப்பு காட்டியது. ஆள்காட்டி விரல், மறுபடியும் சிவப்பு. விரல் நுனிகள் கறுத்து, சாணை பிடித்த கத்திபோல வழுவழுவென்று இருந்தன.

“ரேகை விழலியே பாட்டி.”

“ரேகைய அண்டியாபீசுல வச்சிட்டு வந்துட்டேன் மக்ளே. அங்க போயி கேளு.”

வரிசை சிரித்தது. “வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் கைக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “சோப்பா? அம்மோ, எரியும். தேங்கா எண்ணெ வச்சி தொடைப்பேன், பொறவு சும்மா தண்ணி, பொறவும் ரெண்டு சொட்டு எண்ணெ. வேற என்னத்த செய்ய?” என்றாள்.

கடைக்காரப் பையன் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னான். ஒன்பது விரலையும் எந்திரம் தள்ளியது. கடைசியாக இடது கைச் சுண்டுவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அது ஒன்றுதான் அண்டியைத் தொடாமல் மடங்கி நிற்கிற விரல்.