மலிவு விலை கேபினட்டுகளின் முகமும் மூச்சும்: ஓர் ஒப்பாய்வு

இயல் 1: தோற்றுவாய்

மேசைக் கணினியின் பிராசஸரைப் பற்றி எழுந்த நூல்கள் பல. அதைச் சுமக்கும் தகரப் பெட்டியாகிய கேபினட்டைப் பற்றி எழுந்தவை சில. அப்பெட்டியின் ஓட்டைகளைப் பற்றித் தமிழில் எழுந்த நூல் ஏதும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ‘கேபினட்டின் தரம் அதன் முகத்தில் இல்லை, முகத்தில் போட்ட ஓட்டையில் உள்ளது’ என்பது கருதுகோள்.

ஆய்வுக்களம் சென்னை ரிச்சி தெரு. ஆய்வு எல்லை, 3,000 முதல் 6,000 ரூபாய் வரை விலை சொல்லப்படும் மிட் டவர்கள். பேரம் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

‘மிட் டவர்’ என்பதன் உயரம் எவ்வளவு என்ற வினா ஈண்டு எழும். இன்டெல் நிறுவனம் 1995-இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். இலக்கணம், மதர்போர்டு 305 × 244 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது; ஸ்க்ரூ எங்கெங்கே வர வேண்டும் என்றும் விதிக்கிறது. மிட் டவரின் உயரம் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஆகவே சுமார் 45 முதல் 50 செ.மீ. வரை வளர்ந்து, மேசைக்கடியில் கால் நீட்டுபவரின் முழங்காலில் இடிப்பது எதுவோ அதுவே மிட் டவர் எனக் கொள்க.

இயல் 2: முகம்

இதில் அறிஞர் இரு சாராராகப் பிரிவர். முகம் வழவழவென்று இருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். வலையாக இருக்க வேண்டும் என்பர் மறு சாரார். முன்னவர் கேபினட்டைப் பார்ப்பவர், பின்னவர் கேபினட்டைப் பயன்படுத்துபவர் என்பது ஆய்வாளர் துணிபு.

விலை எல்லைக்குச் சற்று வெளியே போயினும் இரு சான்றுகளைத் தவிர்க்க இயலாது. என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்510 என்ற கேபினட் 2019-இல் வந்தது. முகம் முழுக்க மூடிய தகடு. காற்று உள்ளே வர ஓரத்துத் துளைகளே கதி. உடன் வந்த இரண்டு ஃபேன்களும் காற்றை வெளியே தள்ளுபவை. அழகில் மயங்கிப் பலரும் வாங்கினர். 2021-இல் அதே உடம்புக்கு ஓட்டை போட்ட முகத்தை மாட்டி, ‘எச்510 ஃப்ளோ’ என்று பெயர் சூட்டி, அதே நிறுவனம் விற்றது. இது பிராயச்சித்தமா, வியாபாரமா என்பது அறிஞர் ஆராய்தற்குரியது.

கோர்சேர் நிறுவனமோ இந்தச் சங்கடமே வேண்டாம் என்று 2020-இல் 4000டி-யை மூடிய முகத்தோடும், 4000டி ஏர்ஃப்ளோவை ஓட்டை முகத்தோடும் சேர்த்தே இறக்கிவிட்டது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ‘காற்றோட்டம்’ என்று பெயர் வைத்தால், மற்றதற்கு என்ன இல்லை என்பது சொல்லாமலே பெறப்படும்.

இயல் 3: ஃபேனும் ஒளியும்

எல்லைக்குள் வருவனவற்றில் டீப்கூல் சி.சி.560 குறிப்பிடத்தக்கது. முகமும் வலை, உடன் வருவன நான்கு ஃபேன். ஆயினும் சந்தையில் நான்கு ஃபேன் என்றால் நான்கு விளக்கு என்றே பொருள் கொள்ளப்படுகிறது. களப்பணியில் பதிவான உரையாடல் வருமாறு:

“நாலு ஃபேனும் லைட் எரியும் சார். ரிமோட்ல கலர் மாத்திக்கலாம்.”

“காத்து வருமா தம்பி?”

“லைட் சூப்பரா வரும் சார்.”

முகம் கண்ணாடியாயின் பின்னால் மூன்று ஃபேன் சுழன்றும் பயன் சிறிதே. உள்ளே இருக்கும் சூட்டையே அவை சுற்றிச் சுற்றிப் பரிமாறிக்கொள்ளும். இன்னொன்று: ஃபேன் ஏ.சி. அன்று. மே மாதச் சென்னையில் அறை 38 டிகிரி என்றால், எத்தனை ஃபேன் வைத்தாலும் பெட்டிக்குள் அதற்குக் கீழே இறங்காது என்க.

இயல் 4: தகடும் கண்ணாடியும்

மலிவுப் பெட்டிகளின் தகடு பெரும்பாலும் அரை மி.மீ. கனத்தை ஒட்டியே இருக்கும். இதை அறியக் கருவி வேண்டா. பக்கத் தகட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துக. ‘டொப்’பென்று உள்ளே போய், விட்டதும் ‘டொப்’பென்று திரும்பினால் விலையில் இன்னும் 300 ரூபாய் குறைத்துக் கேட்கலாம்.

பின்புறம் கார்டு செருகும் இடத்தை மூடிய தகட்டுப் பட்டைகளையும் பார்த்தல் நலம். நல்ல பெட்டியில் அவை ஸ்க்ரூவால் மாட்டப்பட்டிருக்கும். மலிவுப் பெட்டியில் முன்னும் பின்னும் ஆட்டி முறித்தெடுக்க வேண்டும். முறித்தபின் மூட வழியில்லை. பின்னாளில் கார்டைக் கழற்றினால் அந்த இடைவெளி பல்லிக்கும் கரப்பானுக்கும் பட்டா நிலமாகிவிடும்.

பக்கவாட்டு டெம்பர்டு கிளாஸ் நடுவில் தட்டினால் தாங்கும். ஆனால் கழற்றி, ஓரம் டைல்ஸ் தரையில் இடிக்க நிறுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் கல்கண்டாக உதிரும். ஆகவே கழற்றுமுன் கீழே போர்வை விரித்தல் மரபு.

இயல் 5: மூன்றாம் ஓட்டை

வெறுங்காலோடு கேபினட்டின் பின்புற ஸ்க்ரூவைத் தொட்டால் ‘சுர்’ரென்று இருப்பதாகவும், அது மலிவுப் பெட்டியின் குணம் என்றும் ஒரு கருத்து உலவுகிறது. இது ஏற்புடைத்தன்று. எஸ்.எம்.பி.எஸ்.-இன் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள், சிறிதளவு மின்சாரத்தை உடற்தகட்டின் வழியே எர்த்துக்கு அனுப்புகின்றன. ப்ளக் பாயிண்ட்டில் மூன்றாம் ஓட்டை இருந்து, அதன் பின்னால் எர்த் ஒயர் இல்லையெனில், அம்மின்சாரம் தொடுபவர் வழியாகத் தரைக்குப் போகும். ஓட்டை மட்டும் போதாது, அதன் பின்னால் ஒரு வழியும் வேண்டும் என்று கருதுகோள் இங்கே திருத்தம் பெறுகிறது.

இத்திருத்தம் வீட்டிற்கும் பொருந்தும். ஓட்டை எண்ணி வாங்கிய கேபினட்டைக் கதவு வைத்த கம்ப்யூட்டர் டேபிளுக்குள் தள்ளி, தூசி படக்கூடாதென்று பூப்போட்ட உறை மாட்டி, அதன்மேல் மின் கட்டண அட்டைகளை அடுக்கி வைப்போர் உளர். அவர்கள் பெட்டியைக் குறைகூறத் தகுதியற்றோர்.

இயல் 6: முடிவுரை

இவ்வொப்பாய்வுக்கு உகந்த சோதனைக்கூடம் ஆயுத பூஜை. அன்று கணினி உறையைக் கழற்றுகிறோம், துடைக்கிறோம், முகத்துக்கு நேரே ஊதுபத்தி காட்டுகிறோம். பூஜை முடிந்ததும் கணினியை ஓடவிட்டு, அதே பத்தியை வலைக்கு அருகில் பிடிக்க வேண்டியதே பாக்கி. புகை வளைந்து உள்ளே போனால் கேபினட் மூச்சு விடுகிறது.

வலை முகத்தில் சந்தனம் வைத்தால் ஓட்டை அடைபடுமே என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். வலுவான வாதம்தான். புகை முகத்தில் முட்டி மேலே போய்விடும் கேபினட்டுகள் இதற்கெனவே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பொட்டு மிக நன்றாகப் பிடிக்கும்.