மூன்றாம் மாடி வானிலை மையம்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் வானிலை தெரியாத ஆளே கிடையாது. எங்கள் குடியிருப்பில் அந்தப் பொறுப்பு மூன்றாம் மாடிக்காரருடையது. வங்கியில் ஓய்வு பெற்றவர். வருஷம் முழுக்கத் தண்ணீர் மோட்டாரைப் பற்றியே பேசுகிறவர், மழைக்காலத்தில் மட்டும் “எம்.ஜே.ஓ. சாதகமா இருக்கு” என்பார். அது என்னவென்று கேட்கிற தைரியம் சங்கச் செயலாளருக்கே இல்லை. செல்போனில் ரேடார் படத்தை விரித்து, “இதோ, சிவப்பு எண்ணூர்கிட்ட வந்துடுச்சு. அரை மணிதான். துணியை எடுத்துடுங்கம்மா” என்பார். எடுத்துவிடுவார்கள். வெயில் சுள்ளென்று அடித்தால், “கடல்லயே கொட்டித் தீர்த்துடுச்சு.” கடலில் போய் யார் பார்ப்பது?

அவர் விரல் வைத்துக் காட்டுகிற படம், இந்திய வானிலை ஆய்வுத் துறை சென்னைத் துறைமுகத்தில் வைத்திருக்கும் டாப்ளர் ரேடார் தருவது. அதைப் பார்த்துக்கொண்டேதான் “அவங்களுக்கு என்ன தெரியும்?” என்று அந்தத் துறையைத் திட்டுவார்.

அந்தத் துறையின் சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கத்தில். அந்த நுங்கம்பாக்கத்து நிபுணர்களுக்கு எதிரி அவர்களுடைய நிதானம்தான். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழை பதிவாகும் நிலையங்கள் கால்வாசியைத் தாண்டாது. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். ‘மிக கனமழை’ என்றால் ஒரே நாளில் சுமார் 12 முதல் 20 செ.மீ. எல்லாம் அளந்து வைத்த சொற்கள். நமக்கோ அந்த ஓரிரு இடத்தில் நம் தெரு உண்டா என்பது ஒன்றே கவலை. “வேளச்சேரிக்கு இன்னிக்கு நைட்டு இருக்கு” என்று சொல்கிறவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் அப்படித்தான் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். பழைய மழைக் கணக்குகளைக் கரைத்துக் குடித்தவர்; அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

புகாரெல்லாம் பின்னால் கிளம்பிய கூட்டத்தின் மேல்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தெருவுக்கொரு வெதர்மேன். பத்து நாள் கழித்து வரலாம் என்று கம்ப்யூட்டர் காட்டும் ஒரு சுழியை எடுத்து, சிவப்பு அம்பு போட்டு, ‘சென்னை தாங்குமா?’ என்று தலைப்பு வைப்பார்கள். கேள்விக்குறி இருக்கிறதே, பொய்த்தாலும் பிடிக்க முடியாது. அடுத்த வாரம் அடுத்த சுழி.

நுங்கம்பாக்கம் அப்படி நழுவ முடியுமா? 2024 அக்டோபர் 16-க்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். அதற்கு முன்பே வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. அன்று பயந்த அளவுக்கு மழை இல்லை; ஊரே கேலி செய்தது. எச்சரிக்காமல் விட்டு, மழை கொட்டியிருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அது தெரியும்.

ஆகவே துணிக்கு மாடிக்காரரைக் கேளுங்கள், நனைந்தால் துணிதானே. புயலுக்கு நுங்கம்பாக்கத்தைக் கேளுங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று மட்டும் இரண்டு பேரையும் கேட்காதீர்கள். லீவு விடுவது கலெக்டர். நுங்கம்பாக்கத்திலிருந்து டி.வி.யில் மழை சொன்ன ரமணன் காலத்திலிருந்தே நம் பிள்ளைகள் தப்பான ஆளுக்குத்தான் நன்றி சொல்லி வருகிறார்கள்.