வியாழக்கிழமையின் எச்சங்கள்: பழைய 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' அத்தியாயங்களை மீண்டும் பார்த்தல் குறித்து ஓர் ஆய்வு

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒளிபரப்பான பாட்டுத் தரவரிசை நிகழ்ச்சியை, அது வந்த வரிசையிலேயே, வாரம் ஒன்றாக, எதையும் தாண்டாமல் மீண்டும் பார்ப்பது தனி ஒரு துறை. இதற்கென்று பல்கலைக்கழகங்கள் இன்னும் இருக்கை ஒதுக்கவில்லை. ஆனால் ஒரு துறைக்கு வேண்டிய அங்கங்கள் எல்லாம் இதற்கு அமைந்திருக்கின்றன: கிடைத்த சுவடிகள், அழிந்த சுவடிகள், பாடபேதங்கள், அந்தப் பாடபேதங்களை வைத்துச் சண்டை போடும் உரைகாரர்கள்.

துறையின் மூலநூல் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்'. ஜானி ஸ்டுவர்ட் என்ற தயாரிப்பாளர் உருவாக்கிய இந்நிகழ்ச்சி 1964 ஜனவரி 1 அன்று மான்செஸ்டர் நகரின் ரஷோம் பகுதியில், ஸ்டூடியோவாக மாற்றப்பட்ட ஒரு பழைய தேவாலயத்திலிருந்து ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஆறு வாரத்துக்கு என்று போட்ட திட்டம், 2006 ஜூலை 30 வரை நீண்டது. அந்த 42 ஆண்டுகளில் பெரும்பகுதி அது வியாழன் மாலைக்கே உரியதாக இருந்தது. 1970களில் அதை வாரந்தோறும் ஒன்றரைக் கோடிப் பேர் வரை பார்த்தனர். 1979ல் போட்டி நிறுவனமான ஐடிவி வேலைநிறுத்தத்தால் முடங்கிக் கிடந்தபோது அந்த எண்ணிக்கை 1.9 கோடியைத் தொட்டது. திரையில் வேறு எதுவும் இல்லாத காலத்தில் கிடைத்த பெருமை என்று எதிர்க்கட்சி உரைகாரர்கள் இதைத் தள்ளிவிடுவதுண்டு.

நிகழ்ச்சியின் விதிகள் எளியவை. தரவரிசையில் ஏறுகிற பாட்டுக்குத்தான் இடம். இறங்குகிற பாட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலிடப் பாட்டைத் தவிர வேறெதுவும் அடுத்தடுத்த வாரங்களில் வரக்கூடாது. முதலிடப் பாட்டுதான் கடைசியில் வரும். அன்று பார்த்தவருக்கு இவை வெறும் ஒழுங்கு. மீண்டும் பார்ப்பவருக்கோ இவை தலைவிதி. பிரதர்ஹுட் ஆஃப் மேன் குழுவின் 'சேவ் யுவர் கிஸஸ் ஃபார் மீ' 1976 வசந்தத்தில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. எனவே ஆய்வாளரும் ஆறு வாரம் அதைப் பார்த்தே ஆகவேண்டும். 1991ல் பிரையன் ஆடம்ஸ் 16 வாரம் இருந்தார். இந்த இடத்தில் துறையை விட்டு விலகியோர் பலர்.

தரவரிசையின் கணித அடிப்படை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் பிபிசி பல இசைப் பத்திரிகைகளின் பட்டியல்களைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தது. அதன் பயனாக 1968 ஆகஸ்டில் ஒரு வாரம் மூன்று பாட்டுகள் ஒன்றாக முதலிடத்தில் போய் உட்கார்ந்தன. 'உச்சம்' என்பது மூன்று பேர் உட்காரக்கூடிய பெஞ்சு அல்ல என்று உணர்ந்தவர்கள், 1969 முதல் கடைகளின் விற்பனைக் குறிப்பேடுகளைத் தபாலில் வரவழைத்து எண்ணும் முறைக்கு மாறினர்.

இனி சுவடிகள். இத்துறையின் பெருந்துயரம் இங்கேதான் இருக்கிறது. 1960களில் வீடியோ நாடா விலை உயர்ந்த பொருள். பதிவானதை அழித்துவிட்டு அதன்மேல் வேறொன்றைப் பதிவது பிபிசியில் வழக்கம். கரையான் தின்றது, ஆடிப்பெருக்கில் போனது என்று சொல்ல இங்கே வழியில்லை. சிக்கனம் தின்றது. 1960களிலிருந்து முழுமையாக எஞ்சிய அத்தியாயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1966 ஜூன் 16 அன்று பீட்டில்ஸ் நால்வரும் நேரில் ஸ்டூடியோவுக்கு வந்து 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெய்ன்' ஆகிய இரண்டுக்கும் நேரலை ஒளிபரப்பில் வாயசைத்த அத்தியாயம் அழிக்கப்பட்டது. 2019ல் அதிலிருந்து 11 விநாடி கிடைத்தது. யாரோ ஒருவர் தம் வீட்டுத் தொலைக்காட்சியின் எதிரே 8 மி.மீ. கேமராவைப் பிடித்து எடுத்த படம் அது, ஒலி கிடையாது. இந்த ஊமைப் படத்துக்குத் துறையில் கிடைத்த வரவேற்பு, சங்க நூல் ஒன்றின் கிழிந்த ஏடு கிடைத்தால் கிடைக்கும் வரவேற்புக்குச் சற்றும் குறையாதது.

மேற்கோளாக மட்டும் எஞ்சிய பகுதியும் உண்டு. 1965ல் பீட்டில்ஸ் 'டிக்கெட் டு ரைட்' பாடிய பதிவின் ஒரு துண்டு, அதே ஆண்டு 'டாக்டர் ஹூ' தொடரின் 'தி சேஸ்' கதையில் எடுத்தாளப்பட்டது. கடந்த காலத்தின் எந்தக் காட்சியையும் வரவழைத்துக் காட்டும் ஒரு கற்பனை இயந்திரத்தின் திரையில் அது ஓடுகிறது. அசல் நாடா அழிந்தது. கற்பனை இயந்திரத்தில் ஓடியது பிழைத்தது. பிபிசியின் நிஜ ஆவணக் காப்பகம் செய்யத் தவறியதை அதன் அட்டைப்பெட்டி இயந்திரம் செய்து முடித்திருக்கிறது.

தனிமனிதர் பரணிலிருந்து வந்த சுவடிக்குச் சிறந்த சான்று டேவிட் போவி 1973 ஜனவரியில் பாடிய 'தி ஜீன் ஜீனி'. அன்று ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவரான ஜான் ஹென்ஷால், தாம் கையாண்ட மீன்கண் லென்ஸின் வேலைப்பாட்டைக் காட்டிக்கொள்ள ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருந்தார். உலகத்தில் வேறு பிரதி இல்லை என்பது அவருக்குத் தெரியாது. 2011ல்தான் செய்தி வெளிவந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குப் பாட்டு மீண்டும் ஒளிபரப்பானது. ஒரு தொழிலாளியின் நியாயமான தற்பெருமை ஒரு காப்பகத்தைவிட நம்பகமானது என்ற கோட்பாட்டை இதிலிருந்து வருவிக்கலாம்.

1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அத்தியாயங்கள் ஏறக்குறைய இடைவெளியின்றிக் கிடைக்கின்றன. ஆகவே பிபிசி ஃபோர் அலைவரிசை 2011 ஏப்ரலில் மறு ஒளிபரப்பைத் தொடங்கியபோது 1976 ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தது. வாரம் ஒன்று, சரியாக 35 ஆண்டு தள்ளி. துறையின் முறையியல் அன்றுதான் பிறந்தது எனலாம். அதற்கு முன் இருந்தவை தொகைநூல்கள். 1994ல் தொடங்கிய 'டாப் ஆஃப் தி பாப்ஸ் 2' போன்றவை நல்ல பாட்டுகளைப் பொறுக்கியெடுத்துக் கோத்துக் கொடுத்தன. தொகைநூலில் மோசமான செய்யுள் இராது. ஆதலால் அந்தக் காலத்தில் மோசமான செய்யுளே எழுதப்படவில்லை என்று மாணவர் நம்பிவிடுவார். வாரந்தோறும் பார்க்கும் முறை இந்த நோய்க்கு மருந்து, கசப்பும் மருந்துக்கு உரியதே.

1976 என்றதும் பங்க் இசை பிறந்த ஆண்டு என்பது பாடப்புத்தக வாய்ப்பாடு. வார வரிசை வேறு கதை சொல்கிறது. அந்த ஆண்டு ஜூனில் முதலிடத்தில் இருந்தது சாமர்செட் நாட்டுப்புறக் குழுவான தி வர்ஸல்ஸ் பாடிய, அறுவடை இயந்திரம் பற்றிய நகைச்சுவைப் பாட்டு. ஜூலையில் நீண்ட அங்கியும் தாடியுமாக டெமிஸ் ரூசோஸ். அதன்பின் எல்டன் ஜானும் கிகி டீயும் ஆறு வாரம். அவர்களை அடுத்து அபாவின் 'டான்ஸிங் குயின்' ஆறு வாரம். கிறிஸ்துமஸுக்கு ஜானி மாதிஸ். செக்ஸ் பிஸ்டல்ஸின் 'அனார்க்கி இன் தி யுகே' நவம்பர் இறுதியில் வெளிவந்து 38ஆம் இடத்தோடு நின்றது. நிகழ்ச்சி கணக்கில் எடுத்தது முதல் 30 இடங்களை மட்டுமே. புரட்சி எட்டு இடத்தில் பேருந்தைத் தவறவிட்டது. தி ஜாம் குழு கறுப்பு உடையில் வந்து நின்றது 1977 மே மாதத்தில். அதாவது 2011 ஏப்ரலில் சோபாவில் உட்கார்ந்த ஆய்வாளர், பங்கின் உறவுக்காரர் ஒருவரையாவது பார்க்க 2012 மே வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் சலிப்பே முதன்மைச் சான்று. அன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைகள் எதை எதிர்த்துக் கொதித்தார்கள் என்பதை எந்த நூலும் இவ்வளவு தெளிவாக உணர்த்துவதில்லை.

அடுத்து வாயசைப்பியல். வெறும் இசைத்தட்டுக்கு வாயசைப்பதை இசைக்கலைஞர் சங்கம் ஏற்கவில்லை. நேரலையில் பாடு, அல்லது ஒளிபரப்புக்கென்றே மூன்று மணி நேரத்தில் பாட்டைப் புதிதாகப் பதிந்து அதற்கு வாயசை என்றது. மாதக்கணக்கில் உழைத்த பதிவை ஒரு பிற்பகலில் திரும்பச் செய்வது ஆகாத காரியம். எனவே சங்கப் பிரதிநிதியை உபசரிக்க வெளியே அழைத்துப் போவதும், அவர் திரும்பி வருவதற்குள் பழைய நாடாவுக்குப் புதிய உறை மாட்டுவதும் நடைமுறையானது. இதை அந்நாளையவர்கள் பலர் பின்னர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விதி, அதை மீறுவதற்கான ஒரு சடங்கு, சடங்கு முடிந்தபின் இரு தரப்புக்கும் திருப்தி: இப்படி அமைந்த ஏற்பாடு நீடித்து வாழ்வதில் வியப்பில்லை.

வாயசைப்பு தவறிய இடங்கள் துறையின் பொற்காசுகள். 1971ல் ராட் ஸ்டுவர்ட்டின் 'மேகி மே' பாட்டுக்கு மாண்டலின் வாசிப்பதாக அமர்ந்திருப்பவர் வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. 1988ல் ஆல் அபவுட் ஈவ் குழுவினருக்கு ஸ்டூடியோவில் பாட்டு கேட்கவில்லை, வீடுகளில் கேட்டது. பாடகி வாயை மூடிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்க, அவர் குரல் மட்டும் நாடெங்கும் பாடிக்கொண்டிருந்தது. 1991ல் பாடகர்கள் நேரலையில் பாட வேண்டும் என்று விதி மாறியபோது, நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் விதிக்குக் கட்டுப்பட்டு நேரலையிலேயே பாடினார், அடிவயிற்றிலிருந்து எடுத்த ஒரு பிரேதக் குரலில். கிட்டார் கம்பிகளை அவர் கை தொடவேயில்லை. 1995ல் ஒயாசிஸ் சகோதரர்கள் இடம் மாறி நின்றனர்: பாடாத நோயல் பாட, வாசிக்காத லியம் வாசித்தார். 1982ல் டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் குழு ஜாக்கி வில்சன் என்ற அமெரிக்கப் பாடகரைப் பற்றிய பாட்டைப் பாடியபோது பின்னால் தெரிந்தது ஏறக்குறைய ஜாக்கி வில்சன் என்றே ஒலிக்கும் பெயர் கொண்ட ஸ்காட்லாந்துக்காரர், பப்களில் ஆடும் டார்ட்ஸ் ஆட்டத்தின் உலகச் சாம்பியன். தவறு என்பர் ஒரு சாரார். வேண்டுமென்றே செய்த குறும்பு என்பது குழுவினர் கூற்று. உரைகாரர்களின் கைகலப்பு இன்னும் ஓயவில்லை.

தேதி தெரியாத துண்டு ஒன்று கிடைத்தால் காலம் கணிப்பது எப்படி? அகழாய்வில் பானை ஓடு செய்கிற வேலையை இங்கே நடனக் குழு செய்கிறது. பாடகர் வரமுடியாத பாட்டுக்கு ஆடுவதற்கென்று நிகழ்ச்சி ஒரு குழுவை வைத்திருந்தது. பான்ஸ் பீப்பிள் என்றால் 1968க்கும் 1976க்கும் இடை. ஆணும் பெண்ணும் கலந்த ரூபி ஃபிலிப்பர் என்றால் 1976ன் சில மாதங்கள், இதைவிட நுட்பமான கணிப்பு கிடையாது. லெக்ஸ் அண்ட் கோ என்றால் 1976 முதல் 1981 வரை. அதன்பின் ஜூ. நடன அமைப்பாளர் ஃபிலிக் கோல்பிக்குப் பாட்டின் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம். 'கெட் டவுன்' என்ற பாட்டுக்கு மேடையில் நிஜ நாய்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவை அந்தக் கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படியவில்லை. இந்நிகழ்ச்சிக்கு வர மறுத்த தி கிளாஷ் குழுவின் வங்கிக் கொள்ளையர் பாட்டுக்கு, நடனப் பெண்கள் கொள்ளையர் வேடத்தில் ஆடினர். பதவுரை மட்டும் எழுதி, கருத்துரையைத் தொடாமல் விட்ட இந்த மரபுக்கு ஈடு பின்னர் தோன்றவில்லை.

பலூனும் நல்ல சான்று. திரையில் பலூன், கொடி, காகிதத் தோரணம் கண்டால் மைக்கேல் ஹர்ல் தயாரிப்பாளரான 1980க்குப் பிந்தியது என்று துணிந்து எழுதலாம். அதற்கு முந்திய அத்தியாயங்களில் ஸ்டூடியோக் கூட்டம் ஒரு சிறு மந்தை. அந்தச் சில பத்துப் பிள்ளைகளையே மேடைக்கு மேடை ஓட்டிச் சென்று பெருங்கூட்டமாகக் காட்டினர். பின்வாங்கும் கேமரா வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குவோர், தங்கள் முகம் தெரியும் திரையைத் தேடிப் பாடகருக்கு முதுகு காட்டுவோர், தாளத்துக்குச் சம்பந்தமின்றி இடவலமாக அசைவோர் என்று அவர்களை வகைப்படுத்தலாம். மூன்றாம் வகையினரே பெரும்பான்மை. பாட்டுகள் மறந்துபோன பின்னும் ஆய்வாளர் கண் இவர்கள் மேலேயே தங்குவது இயல்பு. நடிக்கத் தெரியாதவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அந்தக் கூட்டத்தைச் சிரிப்பில்லாமல் பார்க்க வேண்டிய காரணமும் உண்டு. தொடக்க அத்தியாயத்தையே தொகுத்து வழங்கிய ஜிம்மி சாவில், சிறுவர் சிறுமியரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவர் என்பது அவர் இறந்த மறு ஆண்டு, 2012 அக்டோபரில் வெளிவந்தது. பதின்வயதுப் பெண்களின் தோளைச் சுற்றிக் கைபோட்டபடி தொகுப்பாளர்கள் பேசிய காட்சிகள் அதுவரை 'அந்தக் காலத்து வழக்கம்' என்ற அடிக்குறிப்போடு கடந்து போனவை. அவர் தொகுத்த அத்தியாயங்கள் மறு ஒளிபரப்பிலிருந்து நீக்கப்பட்டன. வேறு சிலருடையவையும் பின்னர் நின்றன. இதற்கு நேர்மாறாக, எந்தக் களங்கமும் இல்லாத மைக் ஸ்மித்தின் அத்தியாயங்கள், மறு ஒளிபரப்பு அனுமதியில் அவர் கையெழுத்திடாததால் வரவில்லை. இப்படி ஒரே இடைவெளிக்கு மூன்று காரணங்கள் சேர்ந்தன: சிக்கனம், குற்றம், கையெழுத்து. வாரந்தவறாமல் பார்ப்பவர் இவற்றைப் பிரித்தறியக் கற்க வேண்டும்.

கடைசியாகப் பாடபேதம். 2011 முதல் வியாழன் முன்னிரவில் வந்த பிரதி அரை மணிக்குள் அடங்க வெட்டப்பட்டது. முழுப் பிரதி சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டி வந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் பத்து நிமிட வித்தியாசம். குறும்பிரதியில் புகழ்பெற்றவர்கள் பெரும்பாலும் தப்பினர். வெட்டுப்பட்டவர்கள் 27ஆம் இடத்துக்கு ஏறி, ஒரு வாரம் தலைகாட்டி, மறுவாரம் இறங்கி, பிறகு யார் வாயிலும் வராமல் போனவர்கள். ஆய்வு மாணவர் நெடும்பிரதியையே பாடமாகக் கொள்ள வேண்டும். வேகமாக ஓட்டும் பொத்தான் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது நல்லது.