மூளை மாற்று வைபவம்

எவ்வளவு எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும், தீப்பொறி எப்போது எழ வேண்டும் என்பவற்றை உணரிகள் அனுப்பும் தகவல்களைக் கொண்டு தீர்மானிக்கும் ஈ.சி.யு. என்னும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த ஜப்பானியக் கார்கள் பலவற்றில் முதுமையெய்தும் முறை விநோதமானது. மின்னழுத்தத்தைச் சீராக்க அதன் சர்க்யூட் பலகையில் பதித்த கெப்பாசிட்டர்கள், அதாவது வேதித் திரவம் அடைத்த சிறு உருளைகள், காலப்போக்கில் கசிந்து அருகிலுள்ள செம்புத் தடங்களை அரிக்க, சில ரூபாய்ப் பொருளின் கண்ணீரில் பல்லாயிரம் ரூபாய்ப் பெட்டி செயலிழக்கிறது. பெட்டியைத் திறந்தால் மீன் வாடை வீசுவதுண்டு; நோயறிவதில் ஸ்கேனரை மூக்கு வெல்லும் அரிய தருணம் அது.

ஆயினும், திறந்து பார்க்குமுன் மாற்றிவிடுவதே மரபு. புதிய பெட்டியிலும் எஞ்சின் அதே திணறலைத் தொடரும்போதுதான், துருவேறிய எர்த் வயர் ஒன்று எல்லோர் கண்ணிலும் படுகிறது.

பின்னாளைய வண்டிகளில் இச்சடங்கு மேலும் விரிவடைந்தது. சாவியிலுள்ள சில்லின் குறியீடு பொருந்தினாலன்றி எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டதன் விளைவாக, காயலான் கடையில் வாங்கிய கணினி தன் பழைய எசமானரின் சாவிக்கே விசுவாசமாயிருந்து, புதியவரைத் திருடராகவே கருதுகிறது. வண்டிக்கும் கணினிக்கும் காசு கொடுத்த அவர், தாம் திருடரல்லர் என்று மெய்ப்பிக்கும்பொருட்டு, பழுதான கணினியின் நினைவகச் சில்லைப் பெயர்த்து மற்றதில் பற்றவைக்கும் நிபுணருக்கும் காசு கொடுக்கிறார். மெய்யான திருடனோ, எஞ்சினைத் தொந்தரவு செய்யாமல், வண்டியை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான்.