ஜட்ஜி ஆவப் போற பேத்திக்கு

இன்னா கண்ணு, பி.எல். முடிச்ச கையோட ஜட்ஜி ஆவணுமா? இப்பிடி வந்து குந்து, சொல்றேன்.

நம்ம ஆம்பூர்ல பச்சைத் தோலு எறங்கின அன்னிக்கே பூட்ஸ் ஆயிடுதா? உப்பு போவக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில ஊறப் போட்டு, முடி எடுத்து, சதை வழிச்சு, அப்புறந்தானே பதம்? உனக்கும் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தொட்டி வெட்டி வச்சிருக்கு. மூணு வருஷம் வக்கீல் தொழில் பண்ணாம சிவில் ஜட்ஜி ஆவ முடியாதுன்னு 2025 மே மாசம் தீர்ப்பு. ஊறு, நாத்தத்தைத் தாங்கு.

அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை. பாஸானா, என் காலத்து முன்சீப்பு, இப்ப சிவில் ஜட்ஜி. தொடக்கச் சம்பளம் 77,840 ரூபா. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு இதுவே போதும், உனக்குப் போதுமா? மேல சீனியர் சிவில் ஜட்ஜி, அதுக்கும் மேல மாவட்ட ஜட்ஜி. ஹைகோர்ட்டுக்குப் பரீட்சையே கெடையாது, மூத்த ஜட்ஜிங்க கூடுற கொலீஜியம் பேர் எழுதணும். அதுக்கு எந்தக் கோயில்ல வேண்டிக்கணும்னு நீயே விசாரிச்சுக்கோ.

அவசரமா? குறுக்கு வழியும் ஒண்ணு கீது. ஏழே வருஷம்! அவ்ளோ நாள் வக்கீலா இருந்துட்டா நேரா மாவட்ட ஜட்ஜிக்கே எழுதலாம்.

அப்பிடிப் போனவங்கதான் ஜட்ஜி பானுமதியம்மா. 1981ல பதிவு பண்ணி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுங்கள்ல கேஸ்கட்டு தூக்கினாங்க. 1988ல மாவட்ட ஜட்ஜி. 1997ல புதுக்கோட்டையில பிரேமானந்தா சாமியாருக்கு ரெட்டை ஆயுள் குடுத்தாங்க. 2003ல ஹைகோர்ட்டு. 2006ல ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டாங்க. நம்ம பக்கம் எருது விடறவன்லாம் பல்லைக் கடிச்சான், நானுந்தான். 2014ல சுப்ரீம் கோர்ட்டு. கணக்குப் போடு, 33 வருஷம். உனக்கோ தை பொறந்தா வழி பொறக்கணும்.

அந்தம்மா 2020ல ஓய்வு பெறும்போது சொன்னதைக் கேளு. ரெண்டு வயசுல பஸ் விபத்துல அப்பா போயிட்டாரு. அம்மா நஷ்டஈட்டுக்கு வழக்கு போட்டாங்க, டிக்ரீயும் ஆச்சு, ஆனா நடைமுறைச் சிக்கல்ல காசு மட்டும் கைக்கு வரல. நம்ம பாலாத்துக்கரை கதையும் அதான். தோல் ஷாப்புக் கழிவால கெட்டவங்களுக்கு நஷ்டஈடுன்னு 1996 ஆகஸ்ட்லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. பாக்கி நஷ்டஈட்டை ஆறு வாரத்துல குடுங்கன்னு அதே சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜனவரியில மறுபடியும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அதனால கண்ணு, நாற்காலியில குந்தினதும் டவாலி கூவற சத்தத்துல மயங்கிடாதே. பேப்பர்ல பேர் வர்ற கேஸைத் தேடறதுக்கு முன்னாடி, தீர்ப்பை நிறைவேத்தச் சொல்லிக் கெடக்கிற, தூசி படிஞ்ச ஈ.பி. மனுக் கட்டைப் பிரி. அமீனா எத்தினி தபா வெறுங்கையோட திரும்பினான்னு கேளு. கொலீஜியத்துக்கு உன் பேரு எட்டுதோ இல்லியோ, பேர்ணாம்பட்டு டீக்கடைக்கு எட்டிடும்.