உதிர்ந்த பிட்டு: மராமத்துக் கூலித் தகராறு குறித்து ஓர் ஆராய்ச்சி

வீட்டு மராமத்துக் கூலித் தகராறு பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் ஆராய்ச்சிக்கு அளவே இல்லை. டீக்கடை பெஞ்சில் நடக்கிறது, பஸ் ஸ்டாண்டில் நடக்கிறது, கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் ஒரு முழு அமர்வே நடந்து முடிகிறது. ஒரே குறை, எதுவும் அச்சேறவில்லை. ஏறியிருந்தால் இத்துறையின் பிறப்பிடம் எது என்ற கேள்வி எப்போதோ எழுந்திருக்கும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்துத் திருவாதவூரே அது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். திருமறைநாதர் கோயிலும் மாணிக்கவாசகர் பிறந்த பெருமையும் உள்ள ஊருக்கு இதுவும் ஒரு கூடுதல் பெருமைதான்.

மூத்த சான்று கல்லிலேயே இருக்கிறது. ஊரை ஒட்டிய குன்றில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் வரும் சொல் ‘கொட்டுபிதோன்’. வெட்டுவித்தவன் என்று பொருள், வினையாலணையும் பெயர். செலவழித்தவருக்குக் கல்லில் இடம் கிடைத்துவிட்டது, உளி பிடித்தவருக்கு இல்லை. கூலி எவ்வளவு, முழுக்கக் கைக்கு வந்ததா என்பது பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. பாக்கி வைத்தவர்தான் தம் பெயரை இத்தனை ஆழமாக வெட்டச் சொல்வார் என்று ஒரு கருதுகோள் வைக்கலாம். நிரூபிக்க வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. ஆகவே நல்ல கருதுகோள்.

அடுத்த சான்று எல்லோருக்கும் தெரிந்த கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 விளையாடல்களில் 58 முதல் 61 வரையுள்ள நான்கு படலங்களும் இத்துறைக்குப் பாடநூல் என்றே சொல்லத் தகும். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராக இருந்த வாதவூரர், அதாவது பின்னாள் மாணிக்கவாசகர், குதிரை வாங்கக் கருவூலப் பணத்தோடு திருப்பெருந்துறைக்குப் போகிறார். அங்கே குருவைக் காண்கிறார். பணம் கோயிலாகிறது. பக்தி நோக்கில் இது ஆட்கொள்ளல். மராமத்து நோக்கில், ஒரு வீட்டுக்கு வாங்கிய அட்வான்ஸ் இன்னொரு சைட்டில் கட்டடமாக எழும்பிய கதை. குதிரை எங்கே என்று ஓலை வருகிறது. ‘ஆவணி மூலத்தன்று வந்துவிடும்’ என்று பதில் போகிறது. தேதி குறித்துச் சொல்வதால் கேட்பவருக்கு உண்டாகும் நிம்மதியை மேஸ்திரிமார்கள் இன்றும் அறிவார்கள். ‘திங்கக்கிழமை ஆள் வந்துரும்ணே’ என்ற வாக்கியம் அந்த மரபில் வந்தது.

சொன்ன நாளில் குதிரை வந்தது. வந்த வணிகர் கயிறு மாற்றிக் கொடுத்தார். கயிறு கைமாறிவிட்டால் அதற்குப் பிறகு குதிரைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்பது அக்கால வியாபார வழக்கு. ராத்திரியில் குதிரையெல்லாம் நரியாகிக் கொட்டிலை விட்டு ஓடின. சாவியை வாங்கிக்கொண்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் மழையில் கூரையைப் பார்க்கும் வீட்டுக்காரரின் நிலைதான் பாண்டியனுக்கும்.

அந்த அட்வான்சில் எழுந்ததாகச் சொல்லப்படும் ஆவுடையார்கோயில், இப்போதைய உருவை எத்தனையோ தலைமுறையின் கைகளில் அடைந்தது. அதன் கொடுங்கை, கல்லை மரச் சட்டம்போலவும் இரும்பு ஆணிபோலவும் இழைத்த கூரைவேலை. பழைய ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, தாரமங்கலம் தூண் போன்ற சிலவற்றை ‘நீங்கலாக’ என்று எழுதிக்கொள்வார்களாம். ‘இது எங்களால் ஆகாது’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அந்த ஒரு சொல்லுக்காக அவர்களுக்குச் சிலை வைக்கலாம். இன்றைய கொட்டேஷனில் எல்லாம் இருக்கிறது, ‘நீங்கலாக’ மட்டும் இல்லை.

இனி வந்திக்கு வருவோம். வையை கரையுடைத்து வருகிறது. ஊரார் ஆளுக்கு ஒரு பங்கு கரை அடைக்க வேண்டும் என்பது ஆணை. (குடிமராமத்து என்று பின்னாளில் பெயர் பெற்ற வழக்கம்தான் இது. வெள்ளைக்காரர்கள் 1858இல் அதைச் சட்டமாகவே போட்டார்கள். 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது.) பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. மண்வெட்டியும் கூடையுமாக ஒரு கூலியாள் வருகிறார், சிவபெருமானேதான். உதிர்ந்த பிட்டு கூலி என்று பேச்சு முடிகிறது.

இந்த ஒப்பந்தத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கூலி என்ன என்பது தெளிவு. ஆனால் எவ்வளவு பிட்டு உதிரும் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. அன்று அவித்ததெல்லாம் உதிர்ந்தது. காலிச் சிமெண்டுச் சாக்கும் மிச்சக் கம்பியும் மேஸ்திரிக்கு என்று பேசிவிட்டால், அந்த வீட்டில் மட்டும் சாக்கு சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாவதை வீட்டுக்காரர்கள் கவனித்திருக்கலாம். அதைவிடப் பெரிய ஓட்டை, வேலை என்ன என்பதை இருவருமே சொல்லவில்லை. வந்தி கேட்டது கரை அடைபட வேண்டும் என்று. வந்தவர் ஒப்புக்கொண்டது வருவதற்கு. வந்தார், தின்றார், பாடினார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். பிறர் பங்கெல்லாம் உயர, வந்தியின் பங்கு மட்டும் அப்படியே கிடந்தது. மேற்பார்வையாளர் மன்னனிடம் போனார், பிரம்படி விழுந்தது. அந்த அடி அரசன், அரசி, அமைச்சர், பார்த்தவர், பார்க்காதவர் என்று எல்லா முதுகிலும் பட்டது. கூலித் தகராறு முற்றும்போது எதிர்வீட்டுக்காரர் உட்படத் தெருவே தூக்கம் கெடுவதைக் கண்டவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது.

மற்ற நாகரிகங்கள் என்ன செய்தன? பாபிலோனில் ஹம்முராபி, ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன், கொத்தனார் ரேட்டைக் கல்லிலேயே வெட்டிவிட்டார்: ஒரு சார் பரப்புக்கு, அதாவது சுமார் 390 சதுர அடி வீட்டுக்கு, 2 ஷெகல் வெள்ளி. சுவர் சாய்ந்தால் கட்டியவரே தம் காசில் திருத்த வேண்டும். வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. அர்த்தசாத்திரம் இவ்வளவு கடுமையானதில்லை. கூலியை வாங்கிக்கொண்டு வேலையைத் தள்ளிப்போடுபவருக்கு 12 பணம் அபராதம், வேலை முடியும்வரை ஆளை விடக்கூடாது என்கிறது. கூலி பேசுவது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மதுரைப் பக்கத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் எதையாவது பேச முடியுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

சொல்லாராய்ச்சியும் ஒன்று செய்தாக வேண்டும், இல்லையேல் கட்டுரைக்கு மதிப்பிராது. ‘மேஸ்திரி’ போர்த்துகீசியத்திலிருந்து வந்தவர். ‘மராமத்து’ அரபுச் சொல். ‘அட்வான்ஸ்’ இங்கிலீசு. கடைசியில் பாக்கி நிற்கும் ‘கூலி’ ஒன்றுதான் தமிழ். அந்தப் ‘பாக்கி’யும் அரபிதான்.

இப்போது களத்துக்கு இறங்குவோம். பூச்சு வேலை அளக்கும்போது ஜன்னலைக் கழிப்பதா கூடாதா என்பது ஊருக்கு ஊர் நடக்கும் போர். 4 அடிக்கு 3 அடி ஜன்னல், இருபுறமும் பூசிய சுவர். ‘ஜன்னல்ல என்னப்பா பூச்சு? 24 சதுர அடியைக் கழி’ என்பது வீட்டுக்காரர் கட்சி. ‘கழிக்கிற வழக்கமே இல்லண்ணே’ என்பது மேஸ்திரி கட்சி. இருவருக்கும் நடுவே இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1200 என்னும் அளவை விதி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதற்கு ஈடாக ஜன்னல் உட்பக்கப் பூச்சுக்குத் தனிக் கணக்கு கேட்கக் கூடாது. நம் ஜன்னல் 12 சதுர அடி, சுமார் 1.1 சதுர மீட்டர், இந்த வகையில் விழுகிறது. மேஸ்திரிக்குப் பூசாத 12 சதுர அடி லாபம். ஆனால் அவர் ஜன்னலின் நாலு உட்பக்கமும் பூசியிருக்கிறார்: சுற்றளவு 14 அடி, சுவர்க் கனம் முக்கால் அடி, ஆக பத்தரை சதுர அடி. அதுவும் மட்டப்பலகை ஓடாத மூலைவேலை. கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. விதி எழுதியவர் யாரோ, கரணை பிடித்தவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

அளவுக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. சுவரில், பென்சிலால். அடி, அங்குலம், தேதி, கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் அங்கேதான் இருக்கும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்ததும் ஆவணக் காப்பகம் முழுதும் மறைகிறது. சண்டை ஆரம்பிப்பது அதற்கு மறுநாள்.

திருவாதவூரில் ஒரு மாடியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மழைக்கு ஒழுகுகிறது. தட்டோட்டை எடுத்து, வாட்டம் சரிசெய்து, மறுபடி பதிக்க 18,000 ரூபாய் பேசினார்கள். பில் 24,500க்கு வந்தது.

“குழாய் வாயை உடைச்சுக் கட்டுனோம், கைப்பிடிச் சுவர் மூலை விரிசலை அடைச்சோம். அதெல்லாம் எக்ஸ்ட்ராண்ணே.”

“ஒழுகக் கூடாதுன்னுதானப்பா பேசுனோம்? குழாய் வாய் வழியா ஒழுகுனா அது ஒழுகல் இல்லையா?”

இருவரும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர் விலை பேசியது ஒழுகாமைக்கு. மேஸ்திரி விலை பேசியது தட்டோட்டுக்கு. வந்தி கரையை நினைத்தாள், வந்தவர் வருகையை நினைத்தார். அதே ஒப்பந்தம், அதே ஓட்டை. 6,500 ரூபாய் அந்த ஓட்டையின் அகலம்.

‘எக்ஸ்ட்ரா’வுக்குச் சட்டத்தில் இடமுண்டா? உண்டு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி, இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால் ஈடு கொடுத்தாக வேண்டும். இதற்கு ஒரு பெருங்காப்பியமே இருக்கிறது. 1944இல் இன்றைய மேற்கு வங்கத்து ஆரம்பாக்கில் குடிமைப் பொருள் துறைக்குக் கிடங்கு போட்டுக் கொடுத்த ஓர் ஒப்பந்தக்காரரிடம், அதிகாரிகள் மேற்கொண்டு மண் சாலை, காவலர் அறை, சமையலறை, இன்னும் சில கொட்டகைகள் கேட்டார்கள். கட்டினார். முறைப்படி ஒப்பந்தம் இல்லை என்று அரசு கையை விரித்தது. கேட்ட தொகை 19 ஆயிரத்துச் சொச்சம். அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்குமான அந்த வழக்கில், ஒப்பந்தம் செல்லாவிட்டாலும் அனுபவித்த பயனுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 1961 டிசம்பர். சமையலறை கட்டி 17 வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரருக்கும் வழி இருக்கிறது. வேலையில் குறை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பார்க்கலாம். கூலி வராத மேஸ்திரிக்குப் பணம் கேட்டு வழக்குப் போட, தவணை எதுவும் பேசாதபோது, வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். வீட்டுக்காரரைவிட மேஸ்திரிக்கு ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது சட்டம். ஆனால் திருவாதவூரிலிருந்து மதுரைக்குப் போய்வரும் பஸ் காசையும் நாள் கூலியையும் கூட்டிப் பார்த்தால், ஏழாவது வாய்தாவில் இருவரும் சேர்ந்து 6,500ஐத் தாண்டிவிடுவார்கள் என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

ஆகவே மாடிக்கே திரும்புவோம். வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: பாதி இப்போது, மீதி ஐப்பசி மழைக்குப் பிறகு. மேஸ்திரி ஒப்பவில்லை. “ஐப்பசி வரைக்கும் எங்க வீட்டு அடுப்பு காத்திருக்குமாண்ணே?” நியாயமான கேள்வி. ஆவணிதான் நடந்துகொண்டிருந்தது, மாணிக்கவாசகர் திருவாதவூரிலிருந்து மதுரைப் புட்டுத் திருவிழாவுக்குப் புறப்படும் மாதம். (ஏடுகளில் பிட்டு, ஆரப்பாளையம் பக்கத்துப் புட்டுத்தோப்பில் புட்டு. பாடபேதம் உதிர்வதைப் பாதிப்பதில்லை.) கதையில் அந்தக் கூலியாள் அடிபட்ட பிறகு ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்தார், கரை அடைபட்டது என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் நினைவூட்டினார். மேஸ்திரி சற்று யோசித்தார். மழையை நாமே வரவழைத்துவிடலாம் என்றார்.

குழாய் வாயைச் சாக்கு சுருட்டி அடைத்தார்கள். மாடி வாசலில் சிமெண்டால் சின்ன வரப்பு கட்டினார்கள். மோட்டாரைப் போட்டு இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். இரண்டு நாள் ஒழுகாமல் நின்றால் எக்ஸ்ட்ராவில் 5,000 கொடுப்பது, ஒழுகினால் சொந்தச் செலவில் மறுபடி செய்து தருவது என்று பேச்சு. இம்முறை பெரியவர் அதை ஒரு நோட்டில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மூவரும் கீழ் அறையில் செல்போன் டார்ச்சை மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். தளம் காய்ந்திருந்தது. மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு.

“அது பழைய கறைண்ணே.”

வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறித் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். எட்டவில்லை. மேஸ்திரி வெளியே போய்த் தம் சாரப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.