எம லிங்கத்தில் நிற்கிறேன், ஓவர்

கப்பலில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா, ஊருக்கு வரும்போதெல்லாம் யாருக்கும் உதவாத சாமான் ஒன்றாவது கொண்டுவருவார். 1989-இல் வந்தது போலீஸ் ஸ்கேனர். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில், பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கினாராம். மூன்று செங்கல் கனம். முகப்பில் எட்டுச் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஓடும். எதில் பேச்சு வருகிறதோ அதில் நின்றுவிடும். போலீஸ் பேசுவது நம் காதில் விழும்.

அவர் வந்த நேரமும் அப்படி. செப்டம்பர் 30-ஆம் தேதிதான் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கியிருந்தார்கள். வேலூர் எஸ்.பி.க்குப் பதில் எங்களுக்கென்றே ஒரு எஸ்.பி. “இனிமே மைக் ஓயாதுடா, எல்லாத்தையும் இதுல கேக்கலாம்” என்றார் சித்தப்பா. போலீஸ்காரர்கள் வயர்லெஸ்ஸை மைக் என்றுதான் சொல்வார்கள்.

தாத்தாவுக்கு ஒரே கவலைதான். “லைசென்ஸ் இருக்கா?” வீட்டு ரேடியோவுக்கே வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டியவர், அந்த லைசென்ஸை ரத்து செய்த பிறகும் புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டம் அவர் பக்கம்தான். சித்தப்பா பக்கம் சித்தப்பா மட்டும்.

விளக்குகள் ஓடின. இரவெல்லாம் ஓடின. எதிலும் நிற்கவில்லை. தென்னை மரத்துக்குச் செம்புக் கம்பி இழுத்துப் பார்த்தோம். காக்கை வந்து உட்கார்ந்தது, போலீஸ் வரவில்லை. கடைசியில் ரேடியோ ரிப்பேர்க்காரர் மூடியைக் கழற்றினார். உள்ளே விளக்குக்கு ஒன்றாக எட்டுக் குவார்ட்ஸ் படிகங்கள். ஒரு படிகம் ஒரே அலைவரிசையைத்தான் பிடிக்கும். எட்டுமே ஏதோ ஓர் அமெரிக்க ஊர்ப் போலீசுக்காக அறுத்தவை. “பெட்டி நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர்த் திருடனைத்தான் அமெரிக்காவுக்கு அனுப்பணும்” என்றார்.

அமெரிக்காவிலும் இது லேசில் வந்த வித்தையில்லை. இருபதுகளில் டெட்ராய்ட் போலீஸ் வானொலிக்கு அனுமதி கேட்டபோது, பொழுதுபோக்கு நிகழ்ச்சியும் நடத்து, நடுவே வேண்டுமானால் போலீஸ் சமாச்சாரம் பேசிக்கொள் என்றது அரசு. திருடனைப் பிடிக்க ஆள் அனுப்புமுன் பிடில் வாசிக்க வேண்டுமா என்று நொந்துகொண்டாராம் கமிஷனர். 1928-இல்தான் ரோந்து காரில் ஒழுங்காகக் கேட்டது.

ஆனால் எங்கள் ஊரில் மைக்கில் கேட்டிருக்க வேண்டிய வழக்கு அதற்கும் முன்பே நடந்துவிட்டது. 1924 ஜூன் 26 இரவு ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். ரமணருக்குத் தொடையில் அடி. போதாவிட்டால் இன்னொரு காலிலும் அடித்துக்கொள் என்றார் அவர். விளக்கு கேட்டார்கள், அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். கிடைத்தது கொஞ்சம் சில்லறை, வெள்ளித் தகடு, அரிசி, மாம்பழம். தமக்கும் பூசை கிடைத்தது என்று பக்தர்களிடம் சொன்னாராம்; பூசைக்கு நம் பக்கத்தில் இரண்டு அர்த்தமும் உண்டே. போலீஸ் வந்தபோது, ஏதோ இருக்கும் என்று யாரோ அசடுகள் வந்து ஏமாந்து போனார்கள் என்றார். புகார்தாரர் இப்படிப் பேசினால் ரைட்டர் எஃப்.ஐ.ஆரில் என்னத்தை எழுதுவார்?

சித்தப்பா பெட்டி கொண்டுவந்த வருஷம், கார்த்திகைத் தீபத்தன்று, வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எங்கள் வீடு, மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருக்கும் கிரிவலப் பாதையில். அவர் இடுப்பு வாக்கி டாக்கி தெருவுக்கே கேட்டது.

“எம லிங்கத்துல நிக்கிறேன், ஓவர்.”

“நிருதி லிங்கத்துல ஒரு பாட்டி, மருமகளத் தொலச்சிட்டு அழுவுறாங்க, ஓவர்.”

கொஞ்ச நேரம் கழித்து: “மருமக குபேர லிங்கத்துல இருக்கு. வர மாட்டேங்குது, ஓவர்.”

தெருவே திண்ணையைச் சூழ்ந்துவிட்டது. “இந்தப் பக்கம் பேசுறது மலைக்கு அந்தப் பக்கம் நேரா போவாது சார்” என்று அலுத்துக்கொண்டார் ஏட்டு. நடுவில் 2,668 அடி நிற்கிறதே. ஒரு லிங்கத்தில் சொன்னதை அடுத்த லிங்கத்தில் இருப்பவர் வாங்கிச் சொல்ல வேண்டும். மருமகள் செய்தியும் அப்படித்தான் கிரிவலம் வந்து சேர்ந்தது.

அப்போதுதான் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு விளக்குகள் அவர் கண்ணில் பட்டன. தாத்தா தூணைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா கொல்லைப்பக்கம் போனவர் திரும்பவில்லை.

“சீரியல் லைட்டா? சாமி படத்துக்குப் போடுங்கம்மா, அம்சமா இருக்கும்” என்றார் ஏட்டு.

பாட்டி எண்ணிப் பார்த்தாள். எட்டு. இந்திரன், அக்னி, எமன் என்று விரல் மடக்கினாள். ஈசானியத்தோடு கணக்கு சரியாக வந்தது. மறுநாளே அண்ணாமலையார் படத்துக்குக் கீழே பெட்டி ஏறிவிட்டது.

ஓட்டத்தை நிறுத்தி ஒரே விளக்கை எரியவிட அதில் ஒரு பொத்தானும் இருந்தது. பாட்டி அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து விளக்கு ஏழாவதைவிட்டு நகரவில்லை. ஏழாவது குபேர லிங்கம்.